நேராப் பார்த்தா ஆடும், டீச்சர்

திருப்பாதிரிப்புலியூர்
ஞாயிறு, சாயங்காலம்

அன்புள்ள ஜெயக்கொடி,

இங்கே எல்லோரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, கேட்டால் என் சமையல்தான் காரணம் என்கிறார். பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். சேதி அவ்வளவுதான்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரிக்கிறவள். நான் சொல்லப்போவதில் ஒன்று உன் வீட்டில் இருக்கும் சேகர் காதில் விழக் கூடாது. அது கடைசியில் வருகிறது, தாண்டிப் போய்ப் படிக்காதே. தாண்டத்தான் போகிறாய், கதைப் புத்தகத்தையே பின்னாலிருந்து பிரிக்கிறவள்தானே நீ.

பொங்கல் கழிந்த வாரம் ஒருநாள், விடியற்காலை நாலரை மணி. அலாரத்தை நிறுத்த வலதுபக்கம் புரண்டேன். அறை சுழன்றது. வெயிலில் ரேஷன் கடையில் நின்றால் கிறுகிறுக்குமே, அதுவல்ல. ஓடாத மின்விசிறியைச் சுற்றிக் கூரை ஓடியது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினேன். அரை நிமிஷம் இருக்கும், தானாக நின்றது. எழுந்து உட்கார்ந்ததும் வாந்தி. அவர் என்னைப் பிடிப்பதா, வாளியைப் பிடிப்பதா என்று தெரியாமல் நின்றார்.

எதிர்வீட்டம்மா பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தாள். என் நாத்தனார் திருஷ்டி என்று மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போட்டாள். ஏற்கெனவே சுற்றுகிற தலைக்கு மேலும் மூன்று சுற்று. தெரு முனை டாக்டர் பிரஷர் என்றார். கடைசியில் புதுச்சேரியில் பெயர் பெற்ற ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கழுத்தைப் படம் எடுத்து, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று பட்டை மாட்டிவிட்டார்கள். அறுபது வயதுக் கழுத்தைப் படம் எடுத்தால் தேய்மானம் தெரியாமல் என்னடி தெரியும்? மூளைக்கும் ஸ்கேன் ஆயிற்று. மூளை நன்றாக இருக்கிறதாம். அதை எழுத்தில் வாங்கியதில் அவருக்குத்தான் வருத்தம்.

மூன்று வாரம் கழுத்துப் பட்டையோடு வண்டி மாடு மாதிரி இருந்தேன். வலதுபக்கம் புரண்டால் சுற்றும், அண்ணாந்து பரணில் பாத்திரம் எடுத்தால் சுற்றும். அந்த மூன்று வாரத்தில் பிரஷர் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். என் கண்ணை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

குண்டு லீலாதான் (இப்போது ஒல்லி, நம்ப மாட்டாய்) பிடிவாதமாக ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துப் போனாள். நம் மாணவி வயதில் ஒரு பெண். ஃபைலைத் தொடவே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினால் வருகிறது, எத்தனை விநாடி நிற்கிறது, காது இரைச்சல் உண்டா, எதுவும் இரண்டாகத் தெரிந்ததா, பேச்சு குழறியதா, விழுங்க முடிகிறதா, நடந்தால் ஒருபக்கம் சாய்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனாள். பிறகு பட்டையைக் கழற்றிவிட்டு, கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலதுபக்கம் 45 டிகிரி திருப்பி, "என்ன ஆனாலும் கண்ணை மூடாதீங்கம்மா" என்று சொல்லி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தாள். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கியது. இரண்டு மூன்று விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் வந்தது பார், முருகா! அவள் கையை நகக்குறி விழுகிற மாதிரி பிடித்துவிட்டேன். அவளோ என் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

சுற்றல் நின்றதும் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். என் கருவிழி, ஜெயக்கொடி! மெல்ல ஒருபக்கம் வழிந்து போகிறது, வெடுக்கென்று திரும்புகிறது; மேல்நோக்கி ஒரு துள்ளல், கூடவே கீழே இருக்கும் வலது காதுப் பக்கமாக ஒரு முறுக்கு. அதற்குப் பெயர் நிஸ்டாக்மஸ். வேகமாகத் திரும்புகிற திசையை வைத்துத்தான் இன்ன பக்கம் அடிக்கிறது என்று சொல்வார்களாம். கொஞ்சம் தாமதித்து வந்தது, ஒரு நிமிஷத்துக்குள் அடங்கியது, துள்ளலும் முறுக்கும் சேர்ந்து இருந்தது. இந்த மூன்றும் போதும், கோளாறு வலது காதின் பின்பக்க அரைவட்டக் குழலில் என்றாள். டிக்ஸ், ஹால்பைக் என்ற இரண்டு பேர் 1952இல் எழுதிவைத்த சோதனை. செலவு ஒரு கட்டிலும் இரண்டு கண்ணும்.

உள்காதில் கால்சியம் கார்பனேட் மணிகள் உண்டு, புவியீர்ப்பை உணர்வதற்கு. வயதானால் சிலது உதிர்ந்து குழலுக்குள் போய்விடும். படுத்தால் மணி உருளும், திரவம் நகரும், தலை சுழல்கிறது என்று மூளைக்குப் பொய்த் தந்தி போகும், கண் அதை நம்பி ஓடும். முப்பது வருஷம் தின்ற சாக்பீஸ் தூள்தான் காதில் தங்கிவிட்டது என்று லீலாவிடம் சொன்னேன். சாக்பீஸ் ஜிப்சம் என்று நீ திருத்துவாய், தெரியும். கெமிஸ்ட்ரி டீச்சர் புத்தி போகுமா.

மருந்தே இல்லை. தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அப்படியே உடம்போடு ஒருக்களித்து, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் நிறுத்தி, கடைசியில் எழுப்பி உட்காரவைத்தாள். எப்ளி என்ற அமெரிக்க டாக்டர் கண்ட முறை. வளைந்த குழாய்க்குள் போன கோலிக்குண்டைச் சாய்த்துச் சாய்த்து வெளியே எடுக்கிற கதைதான். இரண்டு தடவை செய்தாள். மூன்று வாரத் தலைசுற்றல் போயிற்று.

அன்றிலிருந்து எனக்குக் கண் பைத்தியம். வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் விரலைப் பார் என்கிறேன். நாத்தனார் இப்போது வாசலோடு போய்விடுகிறாள், அந்த வகையில் லாபம். ராபர்ட் பாராணி என்று வியன்னாவில் ஒரு காது டாக்டர். காது கழுவும்போது தண்ணீர் ஜில்லென்று இருந்தால் நோயாளிகளுக்குத் தலைசுற்றும், கண் ஆடும். ஒருநாள் தண்ணீர் சூடாகிவிட்டது. அப்போதும் ஆடியது, எதிர்த்திசையில்! மற்றவர்களாக இருந்தால் நர்ஸைத் திட்டியிருப்பார்கள். இவர் குளிக்கிற வெந்நீர்த் தொட்டியை நினைத்தார். சூடான நீர் மேலே, குளிர்ந்த நீர் கீழே. ஒன்பதாம் வகுப்புக்கு நான் பர்மாங்கனேட் போட்டுக் காட்டுவேனே, அதே வெப்பச்சலனம் காதுக் குழலுக்குள்! அவருக்கு 1914ஆம் வருஷ நோபல் பரிசு. சேதி போனபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி, 1916இல்தான் விடுதலை.

நாம் பி.எட். படிக்கப் போன மீட்டர்கேஜ் ரயில் ஞாபகம் இருக்கிறதா? பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு ஓட ஓட, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உன் கண் ஓடி ஓடித் திரும்புவதைப் பார்த்து நான் சிரித்தேன், நீ கோபித்துக்கொண்டாய். அதுவும் நிஸ்டாக்மஸ்தானாம். எல்லாருக்கும் வரும், வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும். கோடு போட்ட உருளையைச் சுற்றவிட்டு டாக்டர்கள் அதைச் செயற்கையாக வரவழைத்துப் பார்க்கிறார்கள்.

விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே போகிறேன், ஆனால் அந்தப் பெண் ஒன்று சொன்னாள், அதை மனதில் வை. என்னுடையது விட்டு விட்டு வந்தது. விடாமல் மணிக்கணக்கில் சுற்றினால் கதை வேறு. அப்போது கண் வலதுபக்கம் பார்த்தால் வலதுபக்கமும், இடது பார்த்தால் இடதுபக்கமும் அடித்தாலோ, நேர் மேலும் கீழுமாக மட்டும் ஆடினாலோ, ஒரு கண் மேலே ஒரு கண் கீழே நின்றாலோ, அது காது இல்லை, மூளை. பக்கவாதமாகக்கூட இருக்கலாம். தலையைச் சட்டென்று திருப்பி, கண் இலக்கை விடாமல் பிடிக்கிறதா என்று ஒரு சோதனை உண்டு. விடாத சுற்றலில் இருப்பவருக்குக் காது கெட்டிருந்தால் கண் நழுவும். நழுவாமல் சரியாகப் பிடித்தால்தான் பயப்பட வேண்டுமாம். சரியாக இருந்தால் தப்பு! முதல் ஒன்றிரண்டு நாளில் ஸ்கேன்கூடத் தவறவிடுவதைத் தேர்ந்த டாக்டரின் கண் பிடித்துவிடுகிறதாம்.

இப்போது நிஜமாகவே சொல்ல வந்தது.

போன செவ்வாய்க்கிழமை, காப்பீட்டுக்கு அனுப்ப ரிப்போர்ட்டை எல்லாம் ஜெராக்ஸ் எடுக்க மஞ்சக்குப்பம் போனேன். கடையில் நாற்பது வயது இருக்கும், ஒருவன். காகிதத்தை மூக்குக்குக் கிட்டே வைத்து, முகத்தை இடதுபக்கம் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் படித்தான். திடீரென்று சிரித்தான். "டீச்சர், என் வியாதி பேரு உங்க ரிப்போர்ட்ல இருக்கே!"

அந்தத் தலைச் சாய்ப்பைப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு, ஜன்னலோரம், மூன்றாவது பெஞ்ச். உனக்கும் ஞாபகம் வரும், உன் வகுப்பில் டெஸ்ட் டியூபைக் கன்னத்தோடு ஒட்டிப் பார்ப்பான். தினமும் நான் அவன் தாடையைப் பிடித்து நேராகத் திருப்பி வைப்பேன். "போர்டு இங்க இருக்கு, நீ எங்கடா பாக்குற?" திமிர் என்று நினைத்தேன். ஒருநாள் தனி ஊசல் நடத்திக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து ஒருவன், "டீச்சர், இவன் கண்ணே பெண்டுலம்தான்" என்றான். வகுப்பே சிரித்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்ப அதுக்கு அலைவு நேரம் கண்டுபிடி." அவனுக்குப் பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் பெண்டுலம்தான் பெயர்.

அவன் கோபமாகப் பேசியிருந்தால் தேவலாம். ஸ்டூல் போட்டு உட்காரவைத்து விளக்கினான். பிறந்த சில மாதத்திலேயே வந்ததாம். கண்ணாடி போட்டாலும் பார்வை முழுசாகத் தெளியாது. "நேராப் பார்த்தா ஆடும், டீச்சர். இப்படி வச்சா நின்னுடும்." முகத்தை இடதுபக்கம் திருப்பி, விழியை வலது ஓரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினான். நின்றது. ஏறக்குறைய அசைவே இல்லை. ஆட்டம் அடங்குகிற இடம் ஒவ்வொருவருக்கும் ஒரு கோணத்தில் இருக்குமாம், அவனுக்கு அது வலது ஓரம். கண் தசையை நகர்த்தி அந்த இடத்தை நடுவுக்குக் கொண்டுவர ஆபரேஷன் உண்டு, ஆட்டம் அதனால் முழுக்கப் போய்விடாது, வேண்டாம் என்று இருந்துவிட்டானாம். எல்லாம் ஆடுவது மாதிரித் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, சின்னதிலிருந்தே மூளை பழகிவிட்டது என்றான். பெரியவர்களாகி இது வந்தால்தான் கண்முன்னே எல்லாம் குலுங்குமாம்.

போர்டு தெரிவதற்குத்தான் அவன் முகத்தைத் திருப்பினான், ஜெயக்கொடி. நான் ஒவ்வொரு நாளும் அவன் கண் அதிகம் ஆடுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, படி என்றேன். போதாக்குறைக்குப் பயந்தால், பதறினால் ஆட்டம் இன்னும் கூடுமாம். அதையும் அவனே சொன்னான், என்னைக் குத்துவதற்கு இல்லை, வியாதியின் குணம் என்று. நான் என்னென்ன கத்தினேன் என்று உனக்குத் தெரியும், பக்கத்து வகுப்புதானே.

இதில் ஒரு பிசிக்ஸ் டீச்சரின் கேவலமும் சேர்ந்திருக்கிறது. கிட்டத்தில் பார்த்தேன். மெல்லப் போய் வெடுக்கென்று திரும்புகிறது. அது ஊசலே இல்லை.

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், அதற்குள் யாரோ பட்டா நகலோடு வந்துவிட்டார்கள். 26 பக்கத்துக்கு 52 ரூபாய். ஐம்பது போதும் என்றான். இரண்டு ரூபாயை மேசையில் வைத்துவிட்டு வந்தேன், ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. மறுபடி போக வேண்டும். எதையாவது ஜெராக்ஸ் எடுக்கிற சாக்கில்தான் போவேன், என்னை எனக்குத் தெரியும்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் சேகர் ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு நான் வந்தபோது ஊஞ்சலிலிருந்து எழுந்தவன் படகில் நடப்பவன் மாதிரி நடந்தான். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்" என்று நீ என் காதில் சொன்னாய். பேச்சும் கொஞ்சம் இழுத்தது. நானும் அதையே நினைத்தேன். ஆனால் வாடை இருந்ததா? எனக்கு வரவில்லை. அவன் என்னைப் பக்கவாட்டில் பார்த்தபோது கண் ஓரத்தில் துள்ளியது, அதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். குடித்தால் கண் ஓரத்துக்குப் போகும்போது துள்ளும், அமெரிக்கப் போலீஸ் இதைப் பார்த்தே ஆளைப் பிடிக்கிறார்கள். (புதுச்சேரி எல்லையில் வைத்தால் வரிசை கடலூர் வரைக்கும் வரும்.) ஆனால் அவன் வருஷக்கணக்காகப் போடுகிற வலிப்பு மாத்திரை ஃபெனிடாய்ன் ரத்தத்தில் அதிகமானாலும் இதே துள்ளல், இதே தள்ளாட்டம், இதே குழறல். மறுபரிசோதனைக்குப் போனபோது பெயர் சொல்லாமல் அந்த டாக்டரிடம் கேட்டேன். டோஸை லேசாகக் கூட்டினாலே ரத்தத்தில் மடமடவென்று ஏறக்கூடிய மருந்து, வேறு மாத்திரை சேர்ந்தாலும் ஏறலாம் என்றாள். தீபாவளிக்கு முன்னால் டோஸை மாற்றினார்கள் என்று நீதான் சொன்னாய், இல்லையா?

குடிதான் காரணமாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனால் அவனை ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போய், ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல். மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்துவிடும். இந்த வாரமே போ. உன் அவசரத்தை இதில் கொஞ்சம் காட்டு.

அப்புறம், உன் இடது கண் துடிக்கிறது, வரன் அமையப்போகிறது என்று எழுதியிருந்தாயே. அது விழி இல்லை, இமை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் சீரியல், நாளைக்கு ஐந்து காபி, துடிக்காமல் என்ன செய்யும்? தூங்கு, நின்றுவிடும். கண் தானே இறுக மூடிக்கொண்டாலோ, கூடவே வாய்க்கோடியும் இழுத்தாலோ மட்டும் சொல், அது வேறு. வரன் அமைந்தாலும் சொல்.

படித்ததும் இதைக் கிழித்துப் போடு. பழைய பேப்பர் கட்டுவது சேகர்தான்.

உன்
தமயந்தி