வடசென்னையில் ஜோடிப் படம் எடுக்க ஓர் ஒழுங்குமுறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அக்கா மகளுக்குச் சித்திரையில் நிச்சயதார்த்தம் முடிந்தது, ஆவணியில் திருமணம். அக்காவின் கணவர் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். ஆகவே மண்டபம் பார்ப்பது முதல் பத்திரிகை அடிப்பது வரை எல்லாப் பொறுப்பும் தாய்மாமனாகிய என்னிடம் வந்தது. அவற்றோடு, என் திருமணக் காலத்தில் நாங்கள் கேள்விப்பட்டிராத வேலை ஒன்றும் வந்து சேர்ந்தது. நிச்சயம் முடிந்த பெண்ணையும் மாப்பிள்ளையையும் வெளியிடங்களுக்கு அழைத்துச் சென்று படம் எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு இடமும் நேரமும் அனுமதியும் தேடி மூன்று வாரம் அலைந்ததில் நான் தெரிந்துகொண்டவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாக எங்கள் பகுதிக் குடும்பங்களுக்கும், பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

படம் எடுக்கும் தம்பி முதலில் காட்டிய பட்டியலில் எல்லாமே கிழக்குக் கடற்கரைச் சாலை இடங்கள்தாம். முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், நடுநடுவே ரிசார்ட்டுகள். ராயபுரத்திலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வேன் வாடகை, சுங்கம், ரிசார்ட்டுக்கு அரை நாள் கட்டணம், உடன் வருவோருக்குச் சாப்பாடு என்று கூட்டிப் பார்த்தால், படத்துக்குக் கொடுக்கும் தொகையைக் காட்டிலும் பயணத்துக்குக் கொடுப்பது அதிகமாகிறது. இருந்தாலும் ஊரோடு ஒத்துப்போவோம் என்று நானும் தலையாட்டிவிட்டேன். மணப்பெண்தான் மறுத்தாள். “அப்பா நின்ன எடத்துல ஒரு படம் இருந்தா போதும் மாமா. ரிசார்ட்டுல எனக்கு யார் இருக்காங்க?” என்றாள். மாப்பிள்ளை வீட்டார் பெரம்பூர்க்காரர்கள். அவர்களும் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் ரயில் பெட்டிகள் தயாரிக்கும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால், நியூ ஆவடி சாலையில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்.

வடசென்னையில் படம் எடுக்க இடமில்லை என்று சொல்பவர்கள் இங்கே விடியற்காலையைப் பார்க்காதவர்கள் என்றே நான் கருதுகிறேன். எங்கள் கடல் கிழக்கே இருக்கிறது. மே மாதக் கடைசியில் 5.40 மணியளவில் சூரியன் உதித்துவிடும். ஜனவரிக் கடைசியில் 6.30ஐத் தாண்டும். உதித்த முதல் அரை மணி நேரம்தான் படத்துக்கு உகந்தது. அதற்குப் பிறகு கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் வெயில் முதுகில் விழுந்து முகம் இருண்டுவிடும். மாலையிலோ சூரியன் ஊருக்குள் இறங்குவதால் கடற்கரையில் மென்மையான வெளிச்சம் இருக்கும். ஆனால் அப்போது கூட்டமும் இருக்கும். ஆகவே விடியலே நல்லது என்று முடிவு செய்தோம். கத்திரி வெயில் காலத்தில் எட்டு மணிக்கு மேல் பட்டுப்புடவையோடு ஒரு பெண்ணை வெளியில் நிறுத்துவது அவளைத் துன்புறுத்துவதாகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு செய்தி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் துறைமுகத்திலேயே வரிசையாகக் கட்டி நிற்கும். மற்ற மாதங்களில், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில், காசிமேட்டு ஏலக்கூடத்தில் விடிவதற்கு முன்பே கால் வைக்க இடமிருக்காது. அங்கே கேமராவோடு போய் நிற்பது பிழைப்புக்கு வந்தவர்களின் வழியை மறிப்பதாகிவிடும். தடைக்காலத்தில் அந்த நெருக்கம் இல்லை. படகுக்கு வர்ணம் பூசுவதும், இயந்திரத்தைப் பழுது பார்ப்பதும், வலை சீர் செய்வதும்தான் நடக்கும். வைகாசி முதல் வாரத்தில், ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். முன்தினமே படகு உரிமையாளர் ஒருவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தோம். அக்கா கணவர் அவருடைய படகில்தான் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தார். பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

அன்று காலை நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். படம் எடுக்கும் தம்பி நல்ல கோணம் தேடிப் பின்னால் நகர்ந்துகொண்டே போனவர், தரையில் விரித்திருந்த வலையின் மேல் கேமரா ஸ்டாண்டை ஊன்றிவிட்டார். பக்கத்தில் ஒரு பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்து, கட்டை விரலில் வலையின் கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்து, வலை ஊசியால் அறுந்த இடத்தைப் பின்னிக்கொண்டிருந்தார். “வலை மேல கால வெக்காத கண்ணு” என்றார். குரலில் கோபமில்லை. தம்பி பதறி ஸ்டாண்டைத் தூக்க, அதன் கால் சிக்கி மூன்று கண்கள் அறுந்துவிட்டன. பெரியவர் எழுந்து வந்து, சிக்கலைத் தாமே எடுத்துவிட்டு, பெண்ணைப் பார்த்தார். யார் மகள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு வலையின் ஒரு பக்கத்தைத் தம் கையால் சுருட்டி, அவர்கள் நிற்பதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, அறுந்த மூன்று கண்களையும் பின்ன உட்கார்ந்தார். தடைக்காலத்தில் வருமானம் இல்லாமல் இருக்கும் மனிதர் அவர். அவருடைய வேலைநேரத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்பது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ஆகவே படம் எடுக்கப் போகிறவர்களை மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: வேலை நடக்கும் இடத்தில் முதலில் கேட்டுவிட்டு நில்லுங்கள், வலையையும் கயிற்றையும் மிதிக்காதீர்கள், உழைப்பவர்களின் முகத்தை அவர்கள் சம்மதமில்லாமல் உங்கள் ஆல்பத்துக்குப் பின்புலமாக்காதீர்கள்.

அங்கிருந்து திருவொற்றியூருக்குச் சென்றோம். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்தபோது, “உன்னைப் பிரியேன்” என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்ததாகத் தலவரலாறு சொல்லும் ஊர் அது. திருமணம் நிச்சயமான இருவர் முதலில் வணங்க வேண்டிய இடம் என்று என் அக்கா விரும்பினார். கோயிலுக்குள் படம் எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. வடிவுடையம்மனை வணங்கி வெளியே வந்து, தேரடியில் நான்கைந்து படங்கள் எடுத்துக்கொண்டதோடு சரி. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்த பிறகு, தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் தேரடிக்குச் சில நிமிடங்களில் போய்விட முடிகிறது. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே வேனில் சிக்கிக்கொண்டு நல்ல வெளிச்சத்தை இழக்க வேண்டிய தேவை இப்போது இல்லை.

ராயபுரம் ரயில் நிலையத்தின் உயர்ந்த தூண்களுக்கு முன்னால் ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்ட நிலையம் அது. இன்றும் நின்றுகொண்டிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் நாட்டிலேயே மிகப் பழையது. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஆனால் ரயில்வே இடங்களில் தொழில்முறைக் கேமராவோடு படம் எடுக்க முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும் என்பதை நான் கடைசி வாரத்தில்தான் தெரிந்துகொண்டேன். தவறு என்னுடையது. ரயில் அருங்காட்சியகத்துக்கும் அதே காரணத்தால் போக முடியவில்லை. சம்பந்தி வருத்தத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பே எழுதிக் கேட்பது நல்லது.

இனி, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் உள்ள பூங்கா ஒன்றில் உடை மாற்றி, இரண்டாவது சுற்றுப் படங்களை எடுப்பதாகத் திட்டம். வாசலில் இருந்தவர் தடுத்தார். செல்போனில் எடுக்கலாம், அந்தப் பெரிய கேமராவில் எடுக்கக் கூடாது என்றார். எந்த விதி என்று கேட்டேன். பதில் இல்லை, பலகையும் இல்லை. சிறிது நேரம் கழித்து, 500 ரூபாய் கொடுத்தால் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். ரசீது கேட்டபோது அப்படியெல்லாம் கிடையாது என்றார். நல்ல நாள், பெண்ணும் மாப்பிள்ளையும் வெயிலில் நிற்கிறார்கள், சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கொடுத்துவிட்டேன். உள்ளே போனால் கழிவறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. கடைசியில், நாங்கள் வந்த ஷேர் ஆட்டோவின் இருபுறமும் என் மனைவியும் அக்காவும் பழைய புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க, அந்தச் சிறிய இடத்துக்குள் குனிந்தபடியே மணப்பெண் உடை மாற்றினாள். எம்.சி. ரோட்டில் பார்த்துப் பார்த்து வாங்கிய புதுப்புடவையின் கொசுவத்தை அவள் உட்கார்ந்தவாறே மடித்தாள். வெளியே வந்தபோது அவள் கண் மை கலைந்திருந்தது. வியர்வை என்றாள். நான் மேலே எதுவும் கேட்கவில்லை.

அந்த 500 ரூபாய் எனக்குப் பெரிதில்லை. அரசுக்குக் கட்டணமாகச் செலுத்தச் சொல்லியிருந்தால் ஆயிரமும் மனமுவந்து செலுத்தியிருப்பேன். பொது இடத்தில், ரசீதில்லாமல், தவறு செய்தவனைப்போலக் கையில் மடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததுதான் வேதனை. 2023-24ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, மூன்றாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்று படித்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். பூங்காக்களும் கடற்கரைகளும் அழகாகும்போது, அங்கே படம் எடுக்க எங்கள் பிள்ளைகள் வருவார்கள் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். பெரிய கேமரா அனுமதி உண்டா இல்லையா, உண்டென்றால் எந்த நேரத்தில், எவ்வளவு கட்டணம், யாரிடம் செலுத்துவது என்பதை ஒவ்வொரு பூங்கா வாசலிலும் தமிழில் ஒரு பலகையாக வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கட்டணத்தை இணையத்திலோ மண்டல அலுவலகத்திலோ செலுத்தி ரசீது பெறும் வழி இருந்தால் வாசலில் இருப்பவருக்கும் சங்கடம் இல்லை. குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கும் அவரையும் நான் குறைகூற விரும்பவில்லை. கிடைக்கும் பணத்தில் முதல் செலவாகப் பெண்கள் உடை மாற்றக் கூடிய ஓர் அறையையும், காலை ஆறு மணிக்கே திறந்திருக்கும் கழிவறையையும் அமைத்துத் தர வேண்டும். இது படம் எடுக்க வருபவர்களுக்கு மட்டுமான வசதியில்லை. காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் பெண்கள் இதை எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவர்களிடம் பேசினாலே அறியலாம்.

ட்ரோன் பற்றியும் ஒரு வார்த்தை. துறைமுகத்துக்கு மேலே பறக்கவிட்டு எடுத்தால் படம் பிரமாதமாக வரும் என்று தம்பி ஆசைப்பட்டார். நான் உறுதியாக மறுத்துவிட்டேன். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் எந்த இடம் எந்த நிறம் என்று பார்த்துக்கொள்ளலாம். துறைமுகமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அனல் மின் நிலையமும் அடுத்தடுத்து இருக்கும் எங்கள் பகுதியில், இதைப் பார்க்காமல் ட்ரோனைக் கிளப்பும் குடும்பம் திருமணத்துக்கு முன் காவல் நிலையத்துக்கு அலைய நேரிடும். படம் எடுப்பவர் சொன்னார் என்பது அங்கே பதிலாகாது.

ஆடி கழிந்து ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால், ஒவ்வொரு வார விடுமுறையிலும் ஜோடிகள் இதே பூங்காக்களுக்கு வருவார்கள். அதற்குள் அந்தப் பலகைகளையாவது வைத்துவிடுமாறு மாநகராட்சி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். நான் செலுத்திய தொகையைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பூட்டியிருந்த கழிவறையின் சாவியை வாசலிலேயே ஓர் ஆணியில் மாட்டி வைக்கச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.