மருத்துவம் படிக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வந்தபோது லயத்து வாசற்படியில் உட்கார்ந்து கேட்டாய்: "அண்ணே, ஒரு வென்டிலேட்டர், ரெண்டு நோயாளின்னா யாருக்குக் குடுப்பீங்க?" சோதனைக்கு வரும் கேள்வி என்றாய். சிரித்து மழுப்பிவிட்டேன். என் அம்மா, உன் பெரியம்மா ஞாபகம் வந்துவிட்டது, அதனால்தான்.

தேயிலைக் கொழுந்து நிறுப்பதை நீ பார்த்திருக்கிறாய். தராசில் குறை இருக்காது. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் கணக்கில் எழுதுவார்கள். நோயாளியின் உறுப்புகள் எவ்வளவு பழுதாகியிருக்கின்றன என்று நீங்கள் போடும் சோஃபா (SOFA) புள்ளியும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. நுரையீரல், இரத்தம் உறைதல், ஈரல், இரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 24. கூடக் கூடப் பிழைப்பது கஷ்டம். பெருந்தொற்றில் யாருக்கு முதலில் தீவிர சிகிச்சைக் கட்டில் என்று முடிவெடுக்க அமெரிக்க மாநிலங்கள் பல இதைத்தான் தங்கள் திட்டங்களில் எழுதி வைத்திருந்தன.

முகம் பார்க்காமல் எண்ணைப் பார்ப்பது நல்லதுதான். 1960களில் சியாட்டில் நகரில் டயாலிசிஸ் யாருக்கு என்று தீர்மானித்த குழு தொழில், வருமானம், தேவாலயத்துக்குப் போகிற பழக்கம் எல்லாம் பார்த்ததாம். கூடை சுமக்கிறவள் அங்கே போய் நின்றிருந்தால்?

ஆனால் மூளைக்கான புள்ளி, நோயாளிக்கு எவ்வளவு சுயநினைவு இருக்கிறது என்று பார்க்கும் கிளாஸ்கோ அளவிலிருந்து வருகிறது. அதன் 15இல் 5 பேச்சுக்கு. கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொன்னால் 5, வாயே திறக்காவிட்டால் 1. எந்த மொழியில் கேட்டார்கள் என்பதற்குப் புள்ளி கிடையாது.

2021 ஆகஸ்ட் 20 இரவு நாட்டை மூடினார்கள். அதற்கு முதல் நாள் அம்மாவை ஆட்டோவில் ஏற்றிப் போனேன். அவ்வளவு மூச்சு வாங்கியும் "கோழிய அடச்சியாடா?" என்று வழியெல்லாம் ஏச்சு. வாசலோடு என்னை நிறுத்திவிட்டார்கள். உள்ளே கேட்டதெல்லாம் சிங்களத்தில். பிறகு நான் பார்த்த தாளில் "பதில் இல்லை" என்றிருந்தது.

கட்டில் ஓர் இளைஞனுக்குப் போனது; பிழைத்துக்கொண்டான். அவனுக்குக் கொடுத்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன், இன்றைக்கும். அந்தத் தாள்தான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நீ வார்டில் நிற்கும்போது எங்கள் பக்கத்துக் கிழவி யாராவது வந்தால், இது எந்த மாதம் என்று கேட்கத்தான் செய்வாய். ஆகஸ்ட் என்று வராது. ஆடியா ஆவணியா என்று கேட்டுப் பார். அன்றைக்கு ஆட்டோவில் அம்மா சொன்னார்: "ஆவணி பொறந்து மூணு நாளாச்சு, இன்னும் மழ விடல."

அன்புடன்,
அண்ணன்