நாற்பது குரங்குக் குல்லா

அன்புள்ள கயல்,

நாற்பது குரங்குக் குல்லா வேண்டும் என்று நீ போனில் சொன்னதும், அந்த இங்கிலாந்துக் குளிரில் உன் கூட்டாளிகள் எல்லாருக்கும் காது அடைத்துவிட்டதோ என்றுதான் நினைத்தேன். உங்கள் ஃபுட்பால் கிளப்புக்கு வரும் புது மேனேஜரை, அதாவது கோச்சை, வரவேற்க என்று அப்புறம்தான் விளங்கியது. வெயில் காலத்திலும் கம்பளிக் குல்லாவைக் கழற்றாத மனுஷன், முதல் ஹோம் மேட்சில் நிமிர்ந்து பார்த்தால் கேலரியில் வரிசையாகக் குரங்குக் குல்லா! அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். மார்கழியில் நான் அதை மாட்டிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினால், தெரியாத ஆள் மாதிரி பத்தடி தள்ளி நடந்தவள் நீ. இருக்கட்டும்.

ஆனால் உங்கள் கூட்டத்தில் ஒருவன் இன்னொரு யோசனை சொன்னானாமே. போன சீசன் கடைசி நாளில் அந்த மேனேஜரின் பழைய டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கியபோது, அவர் பெஞ்சில் உட்கார்ந்து அழுத படத்தை முகமூடியாக அச்சடித்து எல்லாரும் மாட்டிக்கொள்வது. அது வேண்டாம் கயல். குல்லா அவராக விரும்பிப் போட்டுக்கொள்வது. அழுகை அப்படியா?

இங்கிலாந்து டீமின் பழைய மேனேஜர் ஸ்டீவ் மெக்லாரனை உனக்குத் தெரிந்திருக்காது, நீ அப்போது சின்னப் பிள்ளை. 2007 நவம்பர் 21, லண்டன் வெம்ப்லி மைதானத்தில் குரோஷியாவோடு மேட்ச். டிரா செய்தாலே இங்கிலாந்து யூரோவுக்கு, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பைக்கு, போயிருக்கும். 3-2 என்று தோற்றார்கள். கொட்டும் மழையில் மேனேஜர் மட்டும் கோட்டோரம் குடை பிடித்து நின்றார். மறுநாளே வேலை போனது. பத்திரிகைகள் குடையை வைத்தே அவரைக் கிழித்தன. அதன்பின் நெதர்லாந்து போய், ட்வென்டே கிளப்புக்கு 2010இல் அதன் வரலாற்றிலேயே முதல் லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். யாருக்கு ஞாபகம் இருக்கிறது? இன்றைக்கும் அவர் பேரைச் சொன்னால் குடைதான் வருகிறது. உங்கள் ஆள் இன்னும் ஒரு மேட்ச்கூட நடத்தவில்லை. அதற்குள் அந்த முகமூடியை மாட்டிவிட்டால் அவர் எப்போது அதைக் கழற்றுவது?

நீங்கள் பார்த்துக் கற்க வேண்டியது சவுத்கேட் கதை. 1996 யூரோ அரையிறுதி, ஜெர்மனியோடு பெனால்டி ஷூட் அவுட். இரண்டு பக்கமும் முதல் ஐந்தையும் கோலாக்கிவிட்டார்கள். இங்கிலாந்துக்காக ஆறாவதாக வந்த சவுத்கேட் அடித்ததை ஜெர்மனி கோல்கீப்பர் கோப்கே தடுத்துவிட்டார். ஓங்கி அடித்திருக்கலாமே என்று பெற்ற தாயே கேட்டாராம்! (நானும் கேட்டிருப்பேன்.) அப்புறம் ஒரு பீட்சா விளம்பரத்தில் தலையில் காகிதப் பையைக் கவிழ்த்துக்கொண்டு அவரே வந்தார். தன்னைத் தானே கலாய்த்துக்கொள்வது வேறு கணக்கு, அதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

2018 உலகக் கோப்பைக்கு அவர் இங்கிலாந்து மேனேஜராக ரஷ்யா போனபோது, ரசிகர்கள் கையில் எடுத்தது அவருடைய வெயிஸ்ட்கோட்டை. அரையிறுதி புதன்கிழமை வந்தது. ஆபீஸ் போகிறவர்கள்கூட அன்றைக்கு வெயிஸ்ட்கோட் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். கேலிதான், ஆனால் அவரை நம்ம ஆள் என்று சொல்கிற கேலி. அதே தொடரில் கொலம்பியாவைப் பெனால்டியில் ஜெயித்ததும், பந்தைக் கோலின் மேல்கம்பத்தில் அடித்து வாய்ப்பை விட்ட உரிபேயைத் தேடிப்போய் அணைத்துக்கொண்டார். அந்த இடத்தில் நின்றவருக்குத்தானே தெரியும்.

லீட்ஸ் கிளப்பில் மேனேஜராக இருந்த பியெல்சாவின் நீல வாளியும் இந்த ரகம்தான். கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கும் மேனேஜரை ஊரே சிரித்துச் சிரித்துத் தலையில் வைத்துக் கொண்டாடியது. 2020இல் டீமை மேல் டிவிஷனான பிரீமியர் லீகுக்கு ஏற்றிவிட்டார் என்பதும் காரணம், இல்லை என்று சொல்லவில்லை. வாளியால் மட்டும் யாரும் ஜெயிப்பதில்லை.

நம்ம வியாசர்பாடிப் பையன்களிடம் உங்கள் திட்டத்தைச் சொன்னேன். இங்கே கலாய்ப்பதற்குப் பஞ்சமா? குல்லாவோடு ஒரு கம்பளிப் போர்வையும் போர்த்திவிடச் சொன்னார்கள்.

இனி அப்பா வேலை. கோல் விழுந்த குஷியில் ஒருவரும் குல்லாவைக் கழற்றி மைதானத்துக்குள் வீசக் கூடாது. அங்கே 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி எதை வீசினாலும் குற்றம். கம்பளி மெத்தென்று இருக்கிறதே என்று பார்க்க மாட்டார்கள். நீ ஸ்டூடன்ட் விசாவில் இருக்கிறாய். இன்னொன்று, குரங்குக் குல்லா வாயையும் தாடையையும் மூடும். நாற்பது பேர் முகம் தெரியாமல் வாசலில் போய் நின்றால் காவலுக்கு நிற்பவர்கள் விடுவார்களா? ரசிகர்களோடு பேசவென்றே அங்கே கிளப்புகளில் ஒரு அதிகாரி இருப்பாரே, அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒரு குல்லாவை அவர் கையிலேயே மேனேஜருக்குக் கொடுத்தனுப்பினால் இன்னும் நல்லது. அவரும் அதைப் போட்டுக்கொண்டு வந்தால் அன்றைக்கு மேட்ச் எப்படிப் போனாலும் காசு வசூல்.

பாரிமுனையில் விசாரித்துவிட்டேன். உங்கள் கிளப் நீலத்தில் இருபத்தாறுதான் இருக்கிறதாம், மீதி பழுப்பு. கலந்து வாங்கட்டுமா, காத்திருக்கட்டுமா? கடைக்காரர் சனிக்கிழமை வரைக்கும்தான் எடுத்து வைப்பாராம், அதற்குள் சொல்.

அன்புடன்,
அப்பா