களை தானாக வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர்நிலைகளில் ஆகாயத்தாமரையை அகற்றும் பணி தொடங்கியது என்ற செய்தியும், சில மாதங்கள் கழித்து அதே நீர்நிலை மறுபடியும் பச்சையாக மூடிக் கிடக்கும் படமும் நாளிதழ்களில் மாறி மாறி வருகின்றன. இரண்டிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது செடி மட்டுமே. ‘ஆக்கிரமித்தது’, ‘விழுங்கியது’ என்று செடியின் மேல் பழிபோட்டு எழுதும்போது, அது செழிக்கும்படி அந்த இடத்தைப் பக்குவப்படுத்திக் கொடுத்த மனித வேலைகள் செய்தியில் இடம்பெறாமலே போய்விடுகின்றன. அதைச் சுட்டிக்காட்டவே இக்கடிதம்.

ஏரியோரம், சதுப்பு போன்ற ஈரநிலம் இயல்பிலேயே தாழ்வான நிலம். சுற்றியுள்ள மேட்டு நிலம் கழுவி அனுப்பும் மண், உரம், சாக்கடை நீர், விதை, ஒடிந்த தண்டு எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து தங்குகின்றன. உலக நிலப்பரப்பில் ஈரநிலங்களின் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடுதான். ஆனால் உலகிலேயே மிக மோசமாகப் பரவும் அயல் தாவரங்களாகப் பட்டியலிடப்பட்ட 33 இனங்களில் 8 இனங்கள் ஈரநிலத்தைச் சேர்ந்தவை என்று ஜாய் செட்லர், சுசேன் கெர்ச்சர் ஆகிய இரு சூழலியலாளர்கள் 2004-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். பள்ளத்தில் இருப்பது ஈரநிலத்தின் குற்றமன்று. மேட்டிலிருந்து நாம் எதை இறக்கிவிடுகிறோம் என்பதே கேள்வி.

ஆகாயத்தாமரையையே எடுத்துக்கொள்வோம். தென் அமெரிக்காவின் அமேசான் படுகையைச் சேர்ந்த அச்செடியை, அதன் ஊதாப் பூவின் அழகுக்காக மனிதர்களே கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோனார்கள். சத்துக் குறைந்த நீரில் அது இலை சிறுத்து, வேர் மட்டும் நீண்டு, அடக்கமாகவே கிடக்கும். கழிவுநீரோடும் வயல் வடிநீரோடும் தழைச்சத்தும் மணிச்சத்தும் சேரும்போதுதான், இரண்டு வாரங்களில் இரண்டு மடங்காகப் பெருகும் அதன் வேகம் வெளிப்படுகிறது. கழிவுநீர் வாயை அடைக்காமல் செடியை மட்டும் வாருவது, உரமிட்டுக்கொண்டே களையெடுப்பதற்குச் சமம்.

நீர்மட்டத்தை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிறுத்தி வைப்பதும் ஒரு குறுக்கீடுதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஏறி இறங்கும் நீரில், வற்றிய சேற்றில் முளைக்கும் இனங்களும் ஆழத்தில் வேரூன்றும் இனங்களும் முறைவைத்துத் தலையெடுக்கும். ஆகவே எந்த ஒன்றும் முழு இடத்தையும் பிடித்துக்கொள்வதில்லை. வட அமெரிக்கப் பேரேரிகளை ஒட்டிய சதுப்புகளில் நீர்மட்டம் நிலைப்படுத்தப்பட்ட இடங்களில், சம்பங்கோரையின் கலப்பினம் ஒன்று பரவி, தன் காய்ந்த சருகாலேயே பிற செடிகளுக்கு ஒளி கிடைக்காமல் செய்துவிட்டது. அதே கண்டத்தில் நாணல் பற்றி நடந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. நாணல் அங்கு ஆதியிலிருந்தே உண்டு. ஆனால் உலர்த்திச் சேமித்து வைத்த பழைய செடி மாதிரிகளின் மரபணுவை இன்றைய செடிகளோடு ஒப்பிட்டு, 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, இப்போது கண்மண் தெரியாமல் பரவுவது வெளியிலிருந்து வந்த, நாணலின் மற்றொரு மரபுவழி என்று காட்டியது. சாலையோரப் பள்ளங்களும், கட்டடம் எழுப்புவதற்காக மரஞ்செடிகள் அகற்றப்பட்ட கரைகளும் அதற்கு நல்ல பாதைகளாக அமைந்தன.

எல்லாவற்றிலும் வேதனையானது, தூர்வாரும் பணியே களையைப் பரப்புவதுதான். பொக்லைன் இயந்திரம் கரையோரம் வேலை செய்வதை ஒருமுறை நெருங்கி நின்று பார்த்தேன். வாளியின் பற்களில் சேறும் வேரும் தொங்க, உள்ளீடற்ற தண்டுகள் கணுவுக்குக் கணு ஒடிந்து நீரில் மிதந்தன. மாலையில் அந்த இயந்திரம் கழுவப்படாமலே லாரியில் ஏறி அடுத்த வேலைக்குப் போனது. பொன்னாங்கண்ணியின் பேரினத்தைச் சேர்ந்த தென் அமெரிக்கக் களை ஒன்று உண்டு; பெரும்பாலான நாடுகளில் அது விதையால் பரவுவதே இல்லை, ஒடிந்த ஒரு கணு போதும். (ஆஸ்திரேலியாவில் சிலர் அதைப் பொன்னாங்கண்ணி என்றே நம்பித் தோட்டங்களில் வளர்த்திருக்கிறார்கள், களைக்குக் கால் முளைப்பது இப்படித்தான்.) ஆகாயத்தாமரையின் விதைகளோ சேற்றில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வரை உயிரோடு கிடக்கக்கூடியவை. கரையைக் கிளறி, வெயில் படும்படி ஈரச்சேற்றை வெறுமையாக விட்டுச் சென்றால், அவ்விதைகளுக்கு அதைவிட நல்ல நாற்றங்கால் வேறில்லை.

களையை அகற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடர்ந்த மிதவைக்கடியில் ஒளியும் உயிர்வளியும் குறைந்து மீன்கள் மடியும்போது கைகட்டி நிற்க முடியாது. ஆனால் உள்ளே வரும் கழிவுநீரை முதலில் தடுத்து, வெட்டிய துண்டுகள் கீழ்நோக்கி மிதந்து போகாதபடி வலை கட்டி, இயந்திரத்தைக் கழுவிய பிறகே இடம் மாற்றி, வெறுமையான கரையில் அந்நிலத்துக்குரிய கோரைகளையே உடனே நட்டு, மீண்டும் முளைப்பவற்றை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் கையால் பிடுங்க ஆள் வைத்தால்தான் அது அகற்றும் பணி. மற்றதெல்லாம் களையை இடம் மாற்றும் பணி.

இனி இத்தகைய பணிகளைப் பற்றி எழுதும் தங்கள் செய்தியாளர்கள், எத்தனை டன் களை வாரப்பட்டது என்பதோடு, எத்தனை கழிவுநீர் வாய்கள் அடைக்கப்பட்டன, கரையில் என்ன நடப்பட்டது, அடுத்த ஆண்டுப் பராமரிப்புக்கு நிதி ஒதுக்கப்பட்டுள்ளதா என்பனவற்றையும் அதிகாரிகளிடம் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்களுள் ஒருவர்