பால்மரத்து நிழல்

சுங்கை சிப்புட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

மாவுக்கட்டை வியாழக்கிழமை பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டு இன்னும் முழுசாக வளையவில்லை; தேங்காய் துருவுவது உன் தம்பிதான். அதை விடு. வைட்டமின் டி சத்து ஆராய்ச்சிக்கு நீ அனுப்பிய கேள்வித்தாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

‘வேலை பார்த்த காலத்தில் தினமும் எத்தனை மணி நேரம் வெயிலில் இருந்தீர்கள்?’ என்று அதில் ஒரு கேள்வி. உன் தம்பி என்னைக் கேட்காமலே ஆறு என்று போட்டு அனுப்பிவிட்டான். அதை அடித்துவிடு. வெளி வேலை எல்லாம் வெயில் வேலை ஆகாது கண்ணு.

ரப்பர் தோட்டத்தில் காலை 5.30க்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு. நெற்றியில் விளக்கு, தலையில் துணி, கொசுவுக்குப் பயந்து உன் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. பால் வெட்டி முடிக்கிறவரை தலைக்கு மேலே இலைதான். விடிந்த பிறகும் மர வரிசை நிரைக்குள் மங்கலாகவே இருக்கும். மங்குக் கிண்ணத்துப் பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பைத் தோளில் வைத்து ஸ்டோருக்கு நடக்கும் அரை மணி நேரம்தான் வெயில். அதுவும் முகத்தில் மட்டும். பாலை நிறுத்துப் போட்டதும் உலை வைக்க ஓடுவேன். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கிற நேரத்து வெயில்தான் அந்தச் சத்தைக் கொடுக்கும், நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும் என்று நீதானே சொன்னாய்? அந்த நேரத்தில் நான் அடுப்படியில் இருந்தேன். 26 வருஷம். அரை மணி என்று எழுதிக்கொள்.

தோலில் உண்டானது கல்லீரலுக்குப் போய், அப்புறம் சிறுநீரகத்துக்குப் போய்த்தான் வேலைக்கு ஆகும் என்றாயே, அது எனக்குச் சட்டென்று புரிந்தது. பெரட்டுக்கு நின்று, மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் பேர் கொடுத்து, நிரைக்குப் போகிற மாதிரி.

நீ சொன்ன நாய்க்குட்டிக் கதைதான் மனசை விட்டுப் போகவில்லை. 1919இல் இங்கிலாந்தில் மெல்லன்பி என்பவர் குட்டிகளை வெளியே விடாமல் அடைத்து, ஓட்ஸ் கஞ்சியாகக் கொடுத்து வளர்த்தார், எலும்பு வளைந்தது, மீன் ஈரல் எண்ணெய் கொடுத்ததும் சரியானது என்றாய். 1922இல் மெக்காலம் அந்த எண்ணெயைச் சூடாக்கிக் காற்றை ஊதி, வைட்டமின் ஏயை அழித்துப் பார்த்தாராம்; அப்படியும் அது எலும்பைக் குணப்படுத்தியதால் அதிலிருந்த இன்னொன்றுக்கு டி என்று பேர் வைத்தாராம். எங்கள் அம்மா மூக்கைப் பிடித்து அதே எண்ணெயைத்தான் ஊற்றுவார். நான் ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் போய்த் துப்பிவிடுவேன். சின்ன மாமாவுக்குக் கால் வளைந்திருந்ததும் அந்தச் சத்துக் குறைவாலோ என்னவோ.

பக்கத்து வீட்டு அக்கா தினமும் வைட்டமின் டி மாத்திரை போட மறந்துவிட்டு, ஒரு மாசத்து மாத்திரையை ஒரே நாளில் போடப் பார்த்தார். ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்ததையும், மருந்தில்லாத சும்மா மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்கள்தான் அதிகம் விழுந்து எலும்பை உடைத்துக்கொண்டார்கள் என்று 2010இல் தெரியவந்ததையும் சொன்னேன். மாத்திரையைக் கீழே வைத்துவிட்டார்.

அமெரிக்க ஆராய்ச்சி பற்றி ஒன்று. 25,871 பேர், பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் கொடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022இல் வந்ததைச் சொல்லி வருத்தப்பட்டாய். அதில் பெரும்பாலோருக்கு முதலிலேயே குறை இல்லை என்றும் நீயே சொன்னாய். பசியாறி வந்தவர்களுக்குப் பந்தி போட்டால் யார் சாப்பிடுவார்கள்? லீவில் வரும்போது இந்தப் பக்கத்துப் பழைய பால்வெட்டுக்காரப் பெண்களிடம் ரத்தம் எடுத்துப் பார். ஊசிக்குப் பயப்பட மாட்டார்கள், அட்டை கடித்துப் பழகியவர்கள்.

நீ சொன்னபடி பதினொரு மணிக்குக் கொல்லையில் நாற்காலி போட்டுக் கால் மணி நேரம் உட்காருகிறேன். நேற்று அந்த அக்காவும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உன் தம்பி எட்டிப் பார்த்து, “ரெண்டு வடகமும் காஞ்சிடுச்சா?” என்கிறான்.

அம்மா