முழங்கால் ஊசி: மருந்தின் பெயரும் தேதியும் சீட்டில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாம்பன், மண்டபம் பகுதிகளில் கடல்பாசி எடுக்கவும் கருவாடு போடவும் செல்லும் நடுத்தர வயதுப் பெண்கள் பலர் மூட்டுத் தேய்மானத்தால் அவதிப்படுகின்றனர். மணிக்கணக்கில் குந்தியிருந்து மீனைக் கீறி உப்பிட்டுவிட்டு எழும்போது, பக்கத்தில் இருப்பவர் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டிய நிலையிலும் வேலையை விடுவதில்லை. விட்டால் அன்றைய கூலி இல்லை. முட்டியில் ஸ்டீராய்டு மருந்தை ஊசியாகப் போட்டால் வலி நின்றுவிடும் என்று கேள்விப்பட்டதும் அவர்கள் கடன் வாங்கியாவது போட்டுக்கொள்வதில் வியப்பில்லை.

ஸ்டீராய்டு ஊசியே கூடாது என்பதல்ல என் வாதம். நீர் கோத்து வீங்கிய மூட்டில் அழற்சியைத் தணித்து, சில நாட்களிலேயே அது நிவாரணம் தருகிறது. ஆனால் அந்த நிவாரணம் பெரும்பாலும் சில வாரங்களே நீடிக்கும். மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால், அதனால் மீண்டும் வளர்வதில்லை. 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வில், 140 பேரில் ஒரு பிரிவினருக்கு 12 வாரங்களுக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டும் மறு பிரிவினருக்கு மருந்தில்லாத உப்புநீரும் இரண்டு ஆண்டுகள் செலுத்திப் பார்த்தபோது, வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; குருத்தெலும்பு இழப்போ ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கே அதிகமாக இருந்தது.

இதையெல்லாம் நோயாளியிடம் யார் சொல்கிறார்கள்? சர்க்கரை நோயாளியான என் தாயாருக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த ஊசி போட்டபோது, சீட்டில் 'வலது முட்டி, ஊசி' என்று மட்டுமே எழுதிக் கொடுத்தனர். அடுத்த சில நாட்கள் சர்க்கரை முந்நூறைத் தாண்டி நின்றது. இந்த ஊசிக்குப் பின் அப்படி ஏறக்கூடும் என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் பதறியிருக்க மாட்டோம். பிறகு வேறொரு மருத்துவர் என்ன மருந்து, எப்போது போட்டது என்று கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. மூட்டு மாற்று அறுவைக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் இந்த ஊசி போட்டிருந்தால் கிருமித் தொற்று அபாயம் கூடும் என்பதால், அந்தத் தேதி வெறும் குறிப்பல்ல.

ஆகவே மருந்தின் பெயர், அளவு, தேதி, அடுத்த ஊசிக்கு விட வேண்டிய இடைவெளி ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கொடுப்பதை மாவட்ட சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, வலியைக் குறைப்பதில் ஊசியைவிட நெடுநாள் உதவும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. அந்தப் பணியாளர்கள் எங்கள் கடற்கரைக் கிராமங்களுக்கு, பெண்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் மாலை நேரத்தில் வந்து இப்பயிற்சியைக் கற்பிக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.