தாத்தாவின் ஸ்குவாட்ரன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ பாதியை மறந்துவிடுவாய், அதனால்தான் கடிதம். லண்டனில் இருக்கிறவரை உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

இரண்டாம் உலகப்போரில் தாத்தா பர்மா சண்டையில் இருந்தார் என்று நம் வீட்டில் எல்லோரும் சொல்வோம். எந்த ஊரில், யாரோடு என்று கேட்டால் முழிப்போம். அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் மழை, அட்டைக்கடி, அப்புறம் "மெஹர் பாபா". பாட்டி கடைசிவரை அது யாரோ சாமியார் என்றே நம்பினாள்.

சாமியார் இல்லை, ஸ்குவாட்ரன் லீடர் மெஹர் சிங். இந்திய விமானப்படையின் 6ஆம் ஸ்குவாட்ரன், அதாவது 6ஆம் விமானப் பிரிவு, 1942 டிசம்பர் 1ஆம் தேதி அவர் தலைமையில் தொடங்கியது. தொடங்கிய இடம் நம் திருச்சி! தாத்தா எங்கே போய்ப் படையில் சேர்ந்திருப்பார் என்று நான் எங்கெங்கோ யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர்களிடம் இருந்தவை ஹரிகேன் விமானங்கள். வேலை, வேவு பார்ப்பது. 1943 கடைசியில் பர்மாவின் மேற்குக் கரையில் இருக்கும் அரக்கான் போர்முனைக்காகப் போய், இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் காக்ஸ் பஜாரில் இறங்கினார்கள். எப்போதும் இரண்டிரண்டாகத்தான் பறப்பார்களாம். ஒருவர் கீழே பார்த்துப் படமெடுக்க, மற்றவர் வானத்தைப் பார்த்துக் காவல் காக்க. பர்மாவில் சண்டை போட்ட 14ஆம் ராணுவத்தின் கண்கள் என்று அவர்களுக்குப் பெயர். மெஹர் சிங்குக்கு 1944இல் டி.எஸ்.ஓ. (டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் ஆர்டர்) என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் கிடைத்தது. அந்த யுத்தத்தில் அதை வாங்கிய இந்திய விமானப்படைக்காரர் அவர் ஒருவர்தான்.

எடுத்த பிலிமை யாராவது கழுவிப் பிரதி போட வேண்டுமே. தாத்தாவின் டிஸ்சார்ஜ் பத்திரத்தில் தொழில் என்ற இடத்தில் 'போட்டோகிராபர்' என்று இருக்கிறது. அரக்கான் புழுக்கத்தில் இருட்டறைக்குள் அடைந்து கிடந்த மனிதர், பிறகு ஒரு கேமராகூட வாங்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்.

இனி உன் வேலை. லண்டனில் கியூ என்ற இடத்தில் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. வாசகர் அட்டை இலவசம், உன் போனிலேயே பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஸ்குவாட்ரன்களின் நாட்பதிவேடுகள் ஏஐஆர் 27 என்ற வரிசையில் வரும். கவனம், பிரிட்டிஷ் விமானப்படைக்கும் தனியாக ஒரு 6ஆம் ஸ்குவாட்ரன் உண்டு. அவர்களும் ஹரிகேன்தான் ஓட்டினார்கள், ஆனால் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில். மணலும் ஜெர்மன் தளபதி ரோமெலும் வந்தால் மூடி வைத்துவிட்டு இந்தியன் என்று போட்டிருப்பதைக் கேள்.

தாத்தாவின் பெயரைத் தேடி உட்காராதே. அந்த ஏடுகளில் பைலட்டின் பெயர், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம் எல்லாம் இருக்கும். கீழே நின்ற ஏர்மேன்களின் பெயர் அபூர்வம். எனக்கு அது கொஞ்சம் கசப்புதான். அதனால் தேதியையும் இடத்தையும் பிடி. 1944 பிப்ரவரியில் ஜப்பானியர் 7ஆம் இந்திய டிவிஷனைச் சுற்றி வளைத்த நாட்களை ஒரு வரி விடாமல் எடு. போட்டோ பிரிவைப் பற்றி எது வந்தாலும் எடு.

அவருடைய சொந்தப் பணிப்பதிவு டெல்லியில் விமானப்படை ஆவண அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். அதற்குச் சர்வீஸ் நம்பர் வேண்டும். பத்திரத்தில் அந்த இடம் மடிப்பில் கிழிந்துபோயிருக்கிறது. பாட்டி இரண்டாம் உலகப்போர் விதவை உதவித்தொகை வாங்கியது நல்லதாய்ப் போயிற்று. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக் கோப்பில் நம்பர் கிடைத்தது, விண்ணப்பம் அனுப்பிவிட்டேன்.

கூட்டாளிகள் விஷயம்தான் சிக்கல். நம் வீட்டில் இருக்கும் பழைய போட்டோவில் தாத்தாவோடு நிற்கிறவர்களில் ஒருவர் சர்தார். இன்னொருவரை 'லாகூர்க்காரன்' என்று தாத்தா சொல்வார். 1947இல் ஸ்குவாட்ரன்களையும் பங்கு போட்டார்கள். அதற்குள் டகோட்டா என்ற சரக்கு விமானம் ஓட்டும் பிரிவாக மாறியிருந்த 6ஆம் ஸ்குவாட்ரன் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. நம் பக்கம் அதே எண்ணை 1951இல் புனேயில் புதிதாக எழுப்பினார்கள். தாத்தா 1946இலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த லாகூர்க்காரரின் பேரன் பேத்தி யாராவது இதே போட்டோவின் இன்னொரு பிரதியை வைத்துக்கொண்டு, இந்த ஒல்லி மதராஸி யார் என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். அங்கே உன் ஆபீஸில் லாகூர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றாயே, அவளிடம் போட்டோவைக் காட்டு. கேட்பதில் என்ன வந்துவிடும்.

பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, எழுத்து கலங்கிவிடுகிறது. மெயிலில் அனுப்பு, மாமாவுக்கும் ஒரு நகல் போடு. குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா